பிஸ்கட் டப்பாவில் வந்த முட்கள்

சென்ற ஆண்டின் இறுதியில், எங்கள் வட்டாரத்தில் நெடுங்காலம் இருந்த ஒரு தூண்டில் கடையை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் போய்ச் சேர்ந்தபோது, நல்ல சரக்கெல்லாம் எனக்கு முன்னால் வந்தவர்களோடு போய்விட்டிருந்தது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா மட்டும் மிஞ்சியிருந்தது. அட்டை கிழிந்த பொட்டலங்களிலிருந்து உதிர்ந்தவை, யாரோ வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்தவை, என்ன அளவு என்று கடைக்காரருக்கே மறந்துபோனவை எனப் பல வகைத் தூண்டில் முட்கள் அதில் கலந்து கிடந்தன. கடைக்கார அங்கிள் பதினைந்து சிங்கப்பூர் வெள்ளி கேட்டார். பேரம் பேச மனம் வரவில்லை. கொடுத்துவிட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

நான் ஃபிளை கட்டுகிறவன். இறகு, மயிர், நூல், ஜரிகை ஆகியவற்றை ஒரு முள்ளின் மேல் சுற்றிக் கட்டி, பூச்சியாகவோ இறாலாகவோ சிறு மீனாகவோ தோன்றும்படி செய்யும் பொய் இரைக்குத்தான் ஃபிளை என்று பெயர். சிங்கப்பூரில் இதைச் செய்பவர்கள் அதிகமில்லை, தமிழர்களில் இன்னும் குறைவு. எந்த ஃபிளைக்கும் ஒரு செய்முறைக் குறிப்பு உண்டு. அதன் முதல் வரியிலேயே எந்த நிறுவனத்தின் எந்த எண்ணுள்ள முள், எந்த அளவு என்று எழுதியிருக்கும். நாமும் சமையல் குறிப்பைப் பார்த்துக் கடைக்குப் போவது போல் அந்த முள்ளைத் தேடிப் போவோம். எந்தக் குறிப்பிலும் இடம்பெறாத முட்களே நிறைந்திருந்த அந்த டப்பா, வேறு வழியில்லாமல் என்னை எதிர்த் திசையில் வேலை செய்ய வைத்தது. முதலில் முள்ளை வைஸில், அதாவது அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும் இடுக்கியில், பொருத்துவது, தண்ணீரில் அது எப்படி நிற்கும் எப்படிப் போகும் என்று பார்ப்பது, அதன் பிறகே அதில் எதைக் கட்டலாம் என்று யோசிப்பது. ஏழு மாதமாக இப்படித்தான் கட்டி வருகிறேன்.

முள்ளின் உறுப்புகளுக்கு நான் பயன்படுத்தும் பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைனைக் கட்டும் வளையம் காது, அதிலிருந்து நேராக வருவது தண்டு, பிறகு வளைவு, அதன் முடிவில் முனை. முனைக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை முள்ளின் வாய் என்பேன். முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு செதிலைப் பார்ப் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். காது என்ற சொல் ஊசியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது தற்செயலாக இருக்கலாம், ஆனால் பொருத்தமானது. இங்கிலாந்தின் ரெடிச் ஊர் தூண்டில் முள்ளுக்குப் பெயர்பெற்றதற்குக் காரணமே, அது அதற்கு முன் ஊசி செய்த ஊராக இருந்ததுதான். டப்பாவில் பாதி முட்கள் முஸ்டாட் நிறுவனத்தவை. நார்வேயில் 1832இல் ஆணியும் கம்பியும் செய்யத் தொடங்கிய அந்த நிறுவனம், 1877இல்தான் தூண்டில் முள் பக்கம் வந்தது.

வகை பிரித்த பிறகு, ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து ஒரு முழம் நைலான் நரம்பில் கட்டி, குளியலறை வாளியில் நீர் நிரப்பி இழுத்துப் பார்த்தேன். இது சிறுபிள்ளை விளையாட்டு போலத் தோன்றினாலும், இதிலிருந்தே மற்றவை எல்லாம் பிறந்தன. சாதாரண முள்ளில் வளைவும் முனையும் தண்டுக்குக் கீழே தொங்குவதால் எடை கீழே இருக்கிறது. ஆகவே அது முனை கீழ்நோக்கியபடிதான் போகும். தண்டின் முதுகில், அதாவது முனைக்கு எதிர்ப்பக்கத்தில், ஈயக்கம்பியோ டம்பெல் வடிவ உலோகக் கண்களோ வைத்துக் கட்டினால் முள் கவிழ்ந்து முனை மேலே வந்துவிடும். அமெரிக்கரான பாப் கிளௌசர் 1980களில் உருவாக்கிய கிளௌசர் மின்னோ என்ற ஃபிளை உலகெங்கும் பரவியதற்கு இந்தக் கவிழ்தலே காரணம். அடியில் உள்ள பாறையிலும் செடியிலும் மாட்டாமல் அது முனையை மேலே வைத்துக்கொண்டு ஏறி இறங்கிச் செல்லும். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் டப்பாவிலிருந்த விநோதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் கையில் எடுத்தது ரப்பர் புழுவுக்கான ஆஃப்செட் முட்கள். காதுக்குப் பின்னால் தண்டு இரண்டு முறை மடிந்து ஒரு படிக்கட்டுப் போல இறங்கி, அதன் பிறகே நேராகப் போகும். வாயும் மிக அகலம். ரப்பர் புழுவின் தலையை அந்தப் படியில் கோத்து, முனையைப் புழுவின் உடலுக்குள் மறைத்து வைப்பதற்காக ஏற்பட்ட வடிவம் இது. ஃபிளை கட்டுகிறவர்கள் இதைத் தொடமாட்டார்கள். படியில் நூல் வழுக்கும், தண்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஆனால் வாளியில் இழுத்தபோது ஒன்று தெரிந்தது. படி இறங்குவதால் காதும் முனையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கின்றன, தண்டு தனியாகக் கீழே கிடக்கிறது. அந்தத் தண்டில் கொஞ்சம் ஈயம் சுற்றினால் படகின் அடிக்கட்டை போல அது கீழேயே இருக்கும், முனை மேலே நிற்கும், முனையை மயிரால் மூடிவிட்டால் செடியில் மாட்டாது.

செடியில் மாட்டாத ஃபிளை எனக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் நான் தேடிப் போகும் தோமான் மீன் இருப்பதே செடியோரத்தில்தான். நம் ஊர் விரால் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் விராலைவிட மிகப் பெரியது, பல்லும் கோபமும் அதிகம். இங்கே நீர்த்தேக்கங்களில் அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டும், அதுவும் செயற்கை இரை கொண்டு மட்டுமே தூண்டில் போடலாம் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. புழுவையும் மீன்குஞ்சையும் கோத்துப் போடுகிறவர்களுக்கு இது குறையாக இருக்கலாம்; ஃபிளை கட்டுகிறவனுக்கு இதனால் எந்த நட்டமும் இல்லை.

ஆஃப்செட் முள்ளில் முதலில் கட்டிய மூன்று ஃபிளைகளும் தோல்வி. பின்தண்டில் ஈயக்கம்பியைப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி, படியின் மேல் முனையை நோக்கி மான்வால் மயிரைத் தாராளமாகக் கட்டியிருந்தேன். செடிக்குள் போட்டு இழுத்தால் பாம்பு போல வழுக்கிக்கொண்டு வந்தது. பார்க்கவே பெருமையாக இருந்தது. தோமான் இரண்டு முறை பாய்ந்து கவ்வியது, இரண்டு முறையும் வெறும் லைன்தான் திரும்பி வந்தது. செடியிடமிருந்து முனையைக் காப்பாற்றிய அதே மயிர், மீனின் வாயிடமிருந்தும் அதைக் காப்பாற்றிவிட்டது. மயிரைப் பாதியாகக் குறைத்தேன். அதுவும் போதவில்லை, ஏனென்றால் என்னிடம் இருந்தவை 3/0 அளவில் தடித்த கம்பியால் செய்தவை. ரப்பர் புழுவை வீசும் விறைப்பான கோலுக்கு அவை ஏற்றவை, வளைந்து கொடுக்கும் எட்டாம் எண் ஃபிளை கோலால் அவ்வளவு தடித்த முனையைத் தோமானின் எலும்புத் தாடைக்குள் செலுத்த முடியவில்லை. டப்பாவைக் கிளறி அதே வடிவத்தில் அதைவிடச் சிறிய 1/0 அளவு முட்கள் ஆறு கண்டெடுத்து, முனையைச் சிறு அரத்தால் மூன்று பக்கம் தீட்டி, பார்ப்பைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கினேன். பார்ப் இல்லாத முனை உள்ளே போக எதிர்ப்புக் குறைவு. மீனை விடுவிப்பதும் எளிது. கோலை மேலே தூக்காமல், கையில் உள்ள லைனை நேராகப் பின்னுக்கு இழுத்து முள்ளை ஊன்றும் பழக்கத்தையும் உறுதிப்படுத்திக்கொண்டேன். நான்காவது ஃபிளையில் முதல் தோமான் வந்தது. பெரிதில்லை, முழங்கை நீளம்தான். ஆனால் அந்த ஃபிளையை இன்னும் வைத்திருக்கிறேன், மயிர் பாதி போய்விட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். செந்நிறக் குஞ்சுகள் பந்து போலத் திரண்டு மேலே வந்து மூச்சு வாங்கும்போது, அடியில் தாயும் தந்தையும் காவல் இருக்கும். அப்போது எதைப் போட்டாலும் பாயும். அதை நான் மீன் பிடிப்பதாகக் கருதுவதில்லை.

அடுத்த வகை, தண்டின் முதுகிலேயே இரண்டு மூன்று சிறு செதில்கள் வெட்டி நிமிர்த்திய முட்கள். கோத்த புழு வழுக்கி இறங்காமல் பிடித்துக்கொள்வதற்கான ஏற்பாடு. ஃபிளை கட்டும் நூல் இந்தச் செதிலில் பட்டால் அறுந்துவிடும். மயிற்பீலியைச் சுற்றினால் சொல்லவே வேண்டாம். அந்தப் பீலி தைப்பூசத்தின்போது காவடியிலிருந்து உதிர்ந்து, டேங்க் ரோட்டுக் கோயிலுக்கு அருகே நடைபாதையில் கிடந்தது. முருகனுடைய மயிலின் இறகை மீனுக்குப் பொறியாக வைக்கலாமா என்று அம்மா கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இரண்டு பீலிகள் அந்தச் செதிலில் சிக்கிச் சிதைந்ததும், அம்மா சொன்னது பலித்துவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

மறுத்துப் பிடிக்கும் குணமே இந்த முள்ளின் குணம் என்றால், பிடித்து வைக்க வேண்டிய ஒன்றைத்தான் இதில் கட்ட வேண்டும். நீரின் மேல் சளக்கென்று ஒலி எழுப்பிக்கொண்டு வரும் பாப்பர் ஃபிளைக்கு நுரைப்பஞ்சில் உருளை வெட்டி முள்ளில் ஒட்டுவோம். பத்து மீன் கடித்த பிறகு, சில சமயம் பத்து வீச்சிலேயே, அந்த உருளை தண்டைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும். இதற்கென்றே தண்டின் நடுவில் திமில் போல வளைத்த பாப்பர் முட்கள் விற்கிறார்கள். செதில் முள் அந்தத் திமிலின் வேலையைச் செய்கிறது. நுரையில் ஒரு கீறல் போட்டு, உள்ளே பசை தடவி, செதிலுக்கு மேல் அழுத்தினால் பிறகு அசையாது. பீக்காக் பாஸ் மீனுக்கு இப்படிக் கட்டிய சிறு பாப்பர்கள், நான் காசு கொடுத்து வாங்கிய திமில் முட்களில் கட்டியவற்றைவிட உறுதியாக இருக்கின்றன.

சினு என்ற ஜப்பானிய முட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கறுப்புக் கடல் பிரீம் மீனை மேற்கு ஜப்பானில் சினு என்பார்கள். அந்த மீனுக்காக வடிவமைத்த முள் என்பதால் அந்தப் பெயர். தண்டு குட்டை, கம்பி நல்ல பலம், முனை சற்று உள்நோக்கி வளைந்திருக்கும். இங்கே கடலோரத்தில் செப்பிலிக்கும் கொடுவாவுக்கும் உயிர் இறால் கோத்துப் போடுகிறவர்கள் பலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆகவே மலிவாகக் கிடைக்கும். டப்பாவில் இருந்தவை தீர்ந்ததும் இணையத்தில் இரண்டாம் எண் சினு ஒரு பொட்டலம் வரவழைத்தேன். வந்தவை நான் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. தவறு என்னுடையது. மேற்கத்திய எண்களில் 10ஐவிட 6 பெரியது, 6ஐவிட 2 பெரியது. 1ஐத் தாண்டியதும் 1/0, 2/0 என்று எண் ஏற ஏற முள்ளும் பெரிதாகும். ஜப்பானிய எண்ணோ தொடக்கத்திலிருந்தே நேர். எண் கூடினால் அளவும் கூடும். இரண்டு முறைகளும் ஒரே கடையின் ஒரே சுவரில் அருகருகே தொங்கும் ஊர் நம்முடையது. இது போதாதென்று, ஒரே முறைக்குள்ளும் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும். ஆகவே இப்போது எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எனக்குப் பிடித்த ஒரு முள்ளின் நிழலைத் தாளில் வரைந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.

சினுவின் வளைவு எனக்கு உடனே இறாலை நினைவூட்டியது. குட்டையான தண்டில் நூலை வளைவு வரைக்கும் இறக்கிக் கட்டினால் இறாலின் கூனல் முதுகு தானாக வந்துவிடும்; நேர்த்தண்டு முள்ளில் அதை வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பயந்த இறால் வாலை மடித்து உதைத்துப் பின்னோக்கித் தாவும். லைன் கட்டியிருக்கும் காது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கந்தான் ஃபிளை போகும். எனவே இறாலின் வால் காதுப் பக்கமும், கண்ணும் மீசையும் வளைவுப் பக்கமும் வர வேண்டும். கண்ணுக்கு, தடித்த நைலான் நரம்பின் நுனியைச் சுடரில் காட்டி உருகச் செய்து உருண்டையாக்கிக்கொள்வேன். மீசைக்கு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய குஞ்சலத்திலிருந்து உருவிய பட்டு இழை. முதுகுக்கு நெகிழித் தாளில் ஒரு கீற்று, அதன் மேல் இடைவெளி விட்டுச் சுற்ற ஒரு புடவையின் ஜரிகை. அந்தப் புடவை கிழிந்த புடவைதான் என்பதை வீட்டில் இருப்பவர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

சினு முட்களுக்கு ஒரு குறை உண்டு. முனை தண்டின் நேரே இல்லாமல் ஒரு பக்கம் சற்று விலகி நிற்கும். உயிர் இரைக்கு இது நல்லது, ஃபிளைக்கு ஆகாது. வேகமாக இழுத்தால் சுழன்று சுழன்று வந்து, லைனின் நுனியில் கட்டும் நரம்பான லீடரை முறுக்கிவிடும். குறடால் நேராக்கப் பார்த்தேன். பத்தில் இரண்டு டக்கென்று முறிந்தன. அதிகக் கரிமம் சேர்ந்த எஃகு கடினமானது, ஆனால் நொறுங்கும். முள்ளைச் செந்தழலாகச் சூடாக்கி ஆறவிட்டு, வளைத்து, மறுபடி சூடாக்கி எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றும் பழைய வழி ஒன்று உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் அதை முயல வேண்டாம் என்றே சொல்வேன். மேற்பூச்சு உள்ள முட்களைச் சூடாக்கினால் எழும் புகை கெடுதலானது. காட்மியம் பூசிய பழைய கடல் முட்கள் டப்பாவில் இருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? நான் செய்வது இதைவிட எளியது. இறால் ஃபிளையை வேகமாக இழுப்பதில்லை. ஒரு சாண் இழுத்து, மூச்சு விடும் நேரம் நிறுத்தி, மறுபடி ஒரு சாண். இறாலும் அப்படித்தான் போகிறது, சுழற்சிக்கும் நேரமில்லை.

வட்ட முள்ளிடம் நான் தோற்ற கதையை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இராது. முனை நேராகத் தண்டை நோக்கித் திரும்பியிருக்கும் இந்த முள்ளை முதன்முறை பார்ப்பவர், இதில் மீன் எப்படி மாட்டும் என்றே கேட்பார். ஆனால் வடிவம் மிகப் பழையது. கிழக்கே இந்தோனேசியாவின் அலோர் தீவில் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒருவரின் எலும்புக்கூட்டோடு கிளிஞ்சலில் செதுக்கிய ஐந்து தூண்டில் முட்கள் கிடைத்தன. அவற்றில் நான்கு வட்ட வடிவம். மீன் இரையை விழுங்கிவிட்டுத் திரும்பிப் போகும்போது, முள் தொண்டையிலிருந்து வழுக்கி வெளியே வந்து, வாயின் ஓரத்தில் உருண்டு மாட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் மாட்டாமலே வெளியே வந்துவிடும்.

சாங்கிக் கடற்கரையில் விடியற்காலைகளில் சிறு பாறை மீன்களுக்கு வட்ட முள்ளில் கட்டிய ஃபிளைகளை வீசினேன். ஏழு கடி, ஏழும் நழுவின. எட்டாவதாக ஒன்று கடித்தபோது கொசு கடித்ததில் கவனம் போய் நான் லைனை இழுக்காமல் நின்றுவிட்டேன், அது மாட்டிக்கொண்டது. கடி உணர்ந்ததும் லைனை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் என் கையில் பல ஆண்டுகளாக ஊறியது. தோமானுக்காக அதைப் பாடுபட்டு வளர்த்தவனும் நானே. இரண்டு முள்ளுக்கும் இரண்டு கை தேவை. மேலும், ஃபிளையை மீன் விழுங்குவது அரிது; உதட்டால் கவ்வி, பொய் என்று தெரிந்ததும் துப்பிவிடும். விழுங்கும் மீனைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்ட வடிவம், விழுங்காத மீனிடம் என்ன நன்மை செய்யும்?

விழுங்கும் மீன் ஒன்றைத் தேட வேண்டியதாயிற்று. கட்டணம் செலுத்தி மீன் பிடிக்கும் குளங்களில் பாத்தின் என்ற பெரிய கெளுத்தி வகை உண்டு. தீவனக் குருணைகளைத் தின்று பழகிய மீன். மேலே வந்து உருண்டையை உறிஞ்சிக்கொண்டு அமைதியாகத் திரும்பும். அதற்கு ஃபிளை என்றால் ஒரு பழுப்பு நுரை உருண்டை, அவ்வளவுதான். அதை வட்ட முள்ளின் தண்டில், காதை ஒட்டி, மிகச் சிறியதாக ஒட்டினேன். வட்ட முள்ளில் முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள வழி ஏற்கெனவே குறுகியது, அதில் பஞ்சை அடைத்தால் வழியே இல்லாமல் போகும். மீன் உறிஞ்சியதும் எதுவும் செய்யாமல், லைன் தானாக இறுகும் வரை காத்திருக்க வேண்டும். மாட்டிய நான்கு பாத்தினுக்கும் முள் வாயின் ஓரத்தில்தான் இருந்தது. வாங்குவதாக இருந்தால் முனை ஒரு பக்கம் விலகாத, தட்டையாகப் படுக்கும் வட்ட முள்ளாகப் பார்த்து வாங்குங்கள். விலகியவற்றில் ஆழமாக மாட்டும் வாய்ப்பு அதிகம், பிறகு வட்ட முள் வைத்திருப்பதற்கே பொருள் இல்லை.

அபர்டீன் எனப்படும் மெல்லிய கம்பி, நீளத்தண்டு முட்கள் டப்பாவில் நிறைய இருந்தன. தோமான் அவற்றை நிமிர்த்திவிடும். பெரும்பாலானவற்றின் வளைவைக் கம்பி வெட்டியால் நறுக்கிவிட்டேன். காதும் தண்டும் மட்டும் மிஞ்சிய துண்டின் பின்நுனியில் வலுவான பின்னல் நரம்பால் ஒரு கண்ணி கட்டி, அதில் ஒரு சிறு முள்ளைத் தொங்கவிட்டால், நடுவில் மடங்கி நெளியும் நீண்ட ஃபிளை கிடைக்கிறது. இதற்கென்றே தனித் தண்டுகளைப் பொட்டலமாக விற்கிறார்கள். அந்த விலையை நான் சொல்லப்போவதில்லை. தொங்கவிடும் சிறு முள்ளுக்கு, இறால் குளங்களில் பயன்படுத்தும் காதில்லாத குட்டி முட்கள் உதவின. காதுக்குப் பதிலாக நுனி தட்டையாக இருக்கும் அவற்றைக் கண்ணியோடு சேர்த்து நூலால் இறுக்கிச் சுற்றிப் பசை வைத்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காதுள்ள முட்கள் பரவும் வரை ஃபிளைகள் எல்லாமே இப்படித்தான் கட்டப்பட்டன. அன்று பட்டுப்புழுவின் நரம்பு, இன்று செயற்கை இழை.

மும்முனை முட்களை ஓரமாக வைத்துவிட்டேன். அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் ஃபிளை விதிகளில் மும்முனை முள்ளுக்கு இடமில்லை. சாதனைப் பட்டியலில் ஏறும் மீன் எதுவும் எனக்கு மாட்டப் போவதில்லை என்றாலும், மூன்று முனைகளை மீனின் வாயிலிருந்து எடுப்பது எனக்கும் மீனுக்கும் துன்பம்.

முனை முறிந்தவையும் துருப்பிடித்தவையும்தான் மிகவும் எதிர்பாராத பயனைக் கொடுத்தன. கரையோரத்தில் முரல் மீன் கூட்டம் வரும்போது அதைப் பிடிக்க முயன்றவர்களுக்குத் தெரியும்: ஊசி போன்ற அந்த அலகு முழுவதும் எலும்பும் சிறு பற்களும்தான், முள் ஊன்றுவதற்குச் சதையே இல்லை. பல முறை கவ்வும், ஒரு முறையும் மாட்டாது. இதற்கு முள்ளே இல்லாத ஃபிளைதான் தீர்வு. முனை முறிந்த முள்ளின் வளைவையும் நறுக்கிவிட்டு, தண்டில் வெள்ளை நைலான் கயிற்றின் துண்டைக் கட்டி, சீப்பால் வாரி இழை இழையாகப் பிரித்துவிட்டால் போதும். முரல் கவ்வியதும் அதன் பற்கள் இழைகளுக்குள் சிக்கிக்கொள்ளும்.

மலாய் மொழியில் இந்த மீனையும் தோடாக் என்றே சொல்கிறார்கள். சிங்கப்பூரைத் தோடாக் மீன்கள் கூட்டமாகத் தாக்கிய பழங்கதை இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கரையில் வீரர்களின் கால்களை மதிலாக நிறுத்திய அரசனுக்கு, வாழைத்தண்டுகளை நட்டால் அலகுகள் அதில் குத்திச் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் யோசனை சொன்னான். யோசனை பலித்தது, சிறுவனின் அறிவுக்கு அஞ்சிய அரசன் அவனைக் கொல்லச் செய்தான், அந்த இரத்தத்தால் சிவந்ததுதான் புக்கிட் மேரா என்பது கதை. அலகுள்ள மீனைக் குத்திப் பிடிக்க முடியாது, நாரில் சிக்கவைத்துத்தான் பிடிக்க முடியும் என்பதைக் கதை கட்டியவர் அறிந்திருக்கிறார்.

ஆனால் நைலான் ஃபிளையை நான் நான்கே முறைதான் பயன்படுத்தினேன். மீனை விடுவிப்பது எளிதாக இல்லை. ஈரத்துணியால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பல்லிலிருந்தும் இழையைப் பிரிக்க வேண்டும், அதற்குள் மீன் தளர்ந்துவிடுகிறது. நடுவில் லீடர் அறுந்தால் இன்னும் மோசம், வாய் கட்டப்பட்ட மீன் பட்டினியால் சாகும். தடித்த லீடரும் சிறு கத்தரியும் இல்லாமல் யாரும் இதை முயலக் கூடாது. எனக்கு அந்த நான்கு முறை போதும்.

டப்பா இப்போது ஏறக்குறையக் காலி. அடியில் மிஞ்சியிருந்தது என் உள்ளங்கை அகலத்துக்கு வாய் பிளந்த ஒரே ஒரு சுறா முள். அதை வைஸின் தாடைக்குள் நுழைக்கவே முடியவில்லை. எப்போக்ஸி பூசிய ஃபிளைகளை உலர்த்துவதற்குத் தொங்கவிடும் கொக்கியாகவாவது பயன்படட்டும் என்று, முனையை நறுக்கி மழுக்கி, சமையலறை சன்னல் கம்பியில் கட்டி வைத்தேன். மறுநாள் மாலை ஆறு இறால் ஃபிளைகளோடு போய்ப் பார்த்தபோது, என் மனைவி அதில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை மாட்டியிருந்தார். மீன் பிடிக்கப் போகும் படகில் வாழைப்பழம் ஏற்றினால் ஒரு மீனும் கிடைக்காது என்பது தூண்டில்காரர்களின் பழைய நம்பிக்கை என்று எடுத்துச் சொன்னேன். இது படகில்லை, சமையலறை என்றார். ஃபிளைகள் துணி உலர்த்தும் கழியின் ஓரத்தில் காய்ந்துகொண்டிருக்கின்றன.